அந்தமான் சீசனுக்கு முந்தைய வாரங்கள்: பயணிகளிடம் சொல்ல வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் அந்தமான் பற்றி வந்த கட்டுரை, டிசம்பர் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே போய் வந்துவிடுங்கள் என்று வாசகர்களுக்கு யோசனை சொல்லியிருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அக்டோபரோடு அங்கே மழை முடிந்துவிடும் என்ற தொனியும், நான்கு இரவில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற திட்டமும் சேர்ந்தால், அதை நம்பிக் கிளம்பும் குடும்பங்கள் ஏதாவது ஒரு ஜெட்டியில் (படகுத்துறையில்) மூட்டை முடிச்சோடு காத்துக் கிடக்க நேரும். ஆகவே இந்தக் கடிதம்.

முதலில் மழை. தென்மேற்குப் பருவமழை இந்திய மண்ணில் முதலில் தொடும் இடம் அந்தமான் நிக்கோபார்தான். மே மூன்றாம் வாரத்தை ஒட்டி அங்கே இறங்கிவிடும். அது விலகும் வேளையில் வடகிழக்குப் பருவக்காற்று வந்து சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்கிறோமே, அதே மாதங்கள் அங்கேயும் மழை மாதங்களே. தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேரில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். உண்மையில் வறண்ட காலம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான். நவம்பரில் போகிறவர் மழையைத் தவிர்க்கவில்லை. இரண்டு மழைகளுக்கு நடுவே கிடைக்கும் தெளிவான நாள்களைப் பிடிக்கப் போகிறார். அந்தத் தெளிவான நாள்கள் கிடைக்கும், அழகாகவும் இருக்கும். எந்தத் தேதியில் கிடைக்கும் என்று மட்டும் இரண்டு மாதம் முன்பே டிக்கெட் போடும்போது யாராலும் சொல்ல முடியாது.

மழையைவிடப் பெரிய விஷயம் காற்று. வங்கக் கடலில் புயல்கள் அதிகம் உருவாகும் மாதம் நவம்பர். அவற்றில் பல, அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியாகத் தொடங்கி, தீவுகளைக் கடந்து மேற்கே நகர்பவை. 2013 நவம்பர் 25 அன்று லெஹர் புயல் போர்ட் பிளேர் அருகே தீவுகளைக் கடந்தது. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள், தீவுகளுக்கிடையே ஓடும் பயணிகள் படகான பெர்ரி இல்லாமல் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் அவர்களை மீட்டு வந்தன. அப்போது பெர்ரியை நிறுத்திய அதே காற்றழுத்தத் தாழ்வுதான் வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியது.

இந்த வரிசையைத் தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்தமானில் பெர்ரியை நிறுத்தும் காற்றழுத்தத் தாழ்வு, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சென்னை விமான நிலையத்தையும் மூடக்கூடும். வர்தாவின்போது மூடினார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்கு மூடினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலுக்கும் மூடினார்கள். அதாவது சென்னையிலிருந்து போய்த் திரும்புகிறவருக்கு ஒரே புயல் இரண்டு இடத்தில் குறுக்கே நிற்கலாம். திரும்பும் தேதியில் சென்னை சந்தேகமாகத் தெரிந்தால், கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் வழியாகத் திரும்ப என்ன வழி உண்டு என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பது வீண் வேலை அல்ல.

அப்படியானால் போக வேண்டாமா? போகலாம். சீசனுக்கு முன் போவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. எல்லோரும் விலை குறைவு என்கிறார்கள். அதைவிட முக்கியம், இடம் காலியாக இருப்பது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு பெர்ரி ரத்தானால் மறுநாள் பெர்ரியில் இருக்கை கிடைக்கும். ஹேவ்லாக்கில் இன்னொரு இரவுக்கு அறை கிடைக்கும். விமானத் தேதியை மாற்றினாலும் இருக்கை இருக்கும். டிசம்பர் 24ஆம் தேதி அதே பெர்ரி ரத்தானால், மறுநாள் பெர்ரி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். முதல் நாள் ஏற முடியாதவர்கள் அடுத்தடுத்த நாள்களுக்குத் தள்ளப்படுவார்கள். முன்சீசனின் இந்த லாபத்தை, ஒரு நாள்கூடத் தளர்வு இல்லாத திட்டம் போட்டு நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

பயணத் திட்டத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் வரிசையில்தான். வழக்கமாக விற்கப்படும் தொகுப்புப் பயணத்தில் முதல் இரண்டு நாள் போர்ட் பிளேர்: செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நார்த் பே. பிறகு ஹேவ்லாக். பிறகு நீல். கடைசி நாள் மாலை நீலில் இருந்து பெர்ரியில் போர்ட் பிளேர் திரும்பி, மறுநாள் காலை விமானம். கடல் அமைதியாக இருக்கும் பிப்ரவரியில் இது ஓடும். நவம்பரில் அந்தக் கடைசி மாலைப் பெர்ரி ரத்தானால் மறுநாள் விமானம் போய்விடும். இங்கேதான் பணம் கரைகிறது. பெர்ரி நிறுவனம் தானாக ரத்து செய்தால் பெர்ரிக் கட்டணத்தைத் திருப்பித் தரும், அல்லது வேறு தேதி தரும். விமானமோ குறித்த நேரத்தில் பறந்துவிட்டது. நீங்கள் வரவில்லை என்றுதான் அவர்கள் கணக்கில் பதிவாகும். பெர்ரி வரவில்லை என்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு அல்ல. கடைசி நிமிடத்தில் நான்கு பேருக்குப் புது டிக்கெட் வாங்கும் செலவு, சீசனுக்கு முன் வந்து மிச்சம் பிடித்த மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். வந்து இறங்கியதும் வெளித்தீவுகளுக்குப் போய்விட வேண்டும். போர்ட் பிளேரைக் கடைசிக்கு வைக்க வேண்டும். காலை விமானத்தில் இறங்கினால் அன்றே பிற்பகல் பெர்ரியில் ஹேவ்லாக் போகலாம். ஆனால் விமானம் இறங்கும் நேரத்துக்கும் பெர்ரி கிளம்பும் நேரத்துக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். விமான நிலையத்திலிருந்து ஜெட்டி தூரமில்லை. ஆனால் பெர்ரிக்குப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டியில் இருக்க வேண்டும்; விமானம் தாமதமாவதும் சாதாரணம். அவ்வளவு இடைவெளி கிடைக்காவிட்டால் முதல் இரவு போர்ட் பிளேரில் தங்கி மறுநாள் காலைப் பெர்ரியைப் பிடிப்பது நல்லது. ஹேவ்லாக்கில் இரண்டு அல்லது மூன்று இரவு, நீலில் ஒரு இரவு, பிறகு போர்ட் பிளேர் திரும்பி அங்கே இரண்டு இரவு. திரும்பும் பெர்ரிக்கும் வீடு திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழுப் பகல் இருக்க வேண்டும். பெர்ரி ஒழுங்காக ஓடினால் அந்தப் பகலில் போர்ட் பிளேரைப் பார்க்கலாம். ஓடாவிட்டால் அந்தப் பகல்தான் உங்கள் விமானத்தைக் காப்பாற்றும். இரண்டில் எது நடந்தாலும் அந்த நாள் வீணாகாது.

இந்தக் கணக்கில் ஐந்து முதல் ஏழு இரவு தேவைப்படும். நான்கு இரவுக்கு மேல் விடுப்பு கிடைக்காதவர்களுக்கு என் யோசனை, நவம்பரை விட்டுவிட்டு பிப்ரவரி அல்லது மார்ச்சில் போங்கள் என்பதே. நவம்பரிலேதான் போக முடியும் என்றால் நீல் தீவை விட்டுவிட்டு, ஹேவ்லாக்கும் போர்ட் பிளேரும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தீவு ஒன்று கூடினால் கடக்க வேண்டிய கடல் துண்டும் ஒன்று கூடுகிறது.

விமானப் பக்கமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போர்ட் பிளேரில் இருப்பது ஒரே ஓடுதளம். கடற்படையும் அதையே பயன்படுத்துகிறது. புதிய முனையக் கட்டடம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டு வசதி கூடியிருக்கிறது. ஆனால் கனமழையில் ஓடுதளம் தெரியாவிட்டால் புதிய முனையம் உதவாது. அங்கே இறங்க முடியாத விமானத்துக்குப் பக்கத்தில் மாற்று நிலையம் கிடையாது. வங்கக் கடலைத் திரும்பக் கடந்து பெருநிலத்துக்கே வர வேண்டும். ஆகவே காலை விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் தடைபட்டாலும் அன்றே இன்னொரு முயற்சிக்குப் பகல் மிச்சமிருக்கும். வானிலையால் விமான நிறுவனம் ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தரும், அல்லது மாற்று விமானம் தரும். வானிலை அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லாததால் அதற்கு மேல் இழப்பீடு கிடையாது. அந்த நாள்களின் அறை வாடகையும் சாப்பாடும் பயணியின் தலையில்தான். இரண்டு இரவுச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள், எது எதற்கெல்லாம் பணம் கிடைக்கும் என்ற பகுதியில் பெர்ரி ரத்தால் விமானம் தவறியது அடங்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். எல்லா உள்நாட்டுப் பாலிசியிலும் அது அடங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு அவசரமாக எடுக்கும் பாலிசி, அந்தப் புயலால் வரும் இழப்புக்குப் பயன்படாது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெர்ரிகள் இரண்டு வகை. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் படகுகள் ஹாடோ ஜெட்டியிலிருந்து கிளம்புகின்றன. ஹேவ்லாக் போக ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கப்பல் போக்குவரத்துத் துறையின் அரசுப் பெர்ரிகள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து. சுமார் இரண்டரை மணி நேரம், கட்டணம் மிகக் குறைவு. ஜெட்டி மாறிப் போய் நின்று பெர்ரியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. டிக்கெட்டில் ஜெட்டியின் பெயரைப் பார்த்துவிட்டு ஆட்டோ ஏறுங்கள். அசல் அடையாள அட்டை எல்லோருக்கும், குழந்தைகளுக்கும், கையில் இருக்க வேண்டும். இன்னொன்று: ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீப், நீல் ஷஹீத் தீப், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீப், போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். முன்பதிவுத் தளங்களில் பழைய பெயரும் புதிய பெயரும் கலந்தே வரும் என்பதால் இரண்டையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நவம்பர்க் கடலில் தனியார் படகுகள் நன்றாகவே ஆடும். மூடிய, குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருப்பதால் தொடுவானம் கண்ணில் படாது. வயிறு புரட்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம். கீழ்த்தளத்தில், படகின் நடுவிலிருந்து பின்பகுதி வரை உள்ள இருக்கைகளில் ஆட்டம் குறைவு. முன்பகுதி இருக்கைகளை விலை கூட வைத்து விற்றாலும் அலையில் அதிகம் எழுந்து விழுவது முன்பகுதிதான். பயண வாந்திக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தர வேண்டாம். காலைப் பெர்ரிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறுவது, வெறும் வயிற்றோடு ஏறுவதைவிட நல்லது.

பெர்ரி ஓடுமா என்பதை ஹோட்டல் வரவேற்பறையில் கேட்பதற்கு முன் நாமே ஓரளவு கணிக்கலாம். இந்திய வானிலை ஆய்வு மையம் வங்கக் கடலுக்கான அறிக்கையைத் தினமும் வெளியிடுகிறது. வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரத்துக்கான புயல் வாய்ப்புக் கணிப்பும் வரும். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வியாழக்கிழமைகளிலும் அதைப் படியுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தைக் கணித்துச் சொல்கிறது. அறிக்கையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று வந்தால் அலை இரண்டரை மீட்டர் முதல் நான்கு மீட்டர் வரை என்று பொருள். அந்த நாளில் தீவுகளுக்கிடையே பெர்ரி ஓடாது என்று வைத்துத் திட்டமிடுங்கள். அந்தமான் கடலில் மீனவர்கள் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தாலும் அதே முடிவுக்கு வரலாம். போர்ட் பிளேர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்ற செய்தியைப் பார்த்தால், காத்திருக்காமல் அன்றைக்கே போர்ட் பிளேருக்குத் திரும்பும் வழியைப் பாருங்கள். நாளைக்கு என்று ஒரு நாள் கூடுதலாக ஹேவ்லாக்கில் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள். எச்சரிக்கை வந்ததும் பெர்ரிக்கு முன் நீர் விளையாட்டுகள் நிற்கும், பிறகு பெர்ரி நிற்கும், விமானம் கடைசியாக நிற்கும். முதலாவது நின்றவுடன் இரண்டாவதைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும்.

எந்தக் கடற்கரைக்கு எந்த நாள் போவது என்பதிலும் காற்றின் திசை முக்கியம். ஹேவ்லாக்கில் ராதாநகர் மேற்கே பார்த்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் அங்கே அலை பெரிதாக இருக்கும். நவம்பரில் காற்று வடகிழக்குக்கு மாறியதும் அடங்கிவிடும். அப்போது கிழக்குப் பக்கமுள்ள விஜயநகரும் காலாபத்தரும் சற்றுக் கலங்கும். நீல் தீவில் லட்சுமண்பூர் மேற்குப் பக்கம், சீதாபூர் கிழக்குப் பக்கம். ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதில்தான் ஆபத்து. ஒரு புயல் தீவுகளைக் கடந்து மேற்கே போன பிறகு, அது தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் காற்றைத் தன் பக்கம் இழுக்கும். தீவில் வானம் வெளுத்து வெயில் அடிக்கும். ராதாநகரில் மட்டும் மேற்கிலிருந்து கனத்த அலை ஒன்றிரண்டு நாள் வந்துகொண்டே இருக்கும். வெயிலைப் பார்த்துக் கடலை எடைபோடக் கூடாது. உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில், அவர் சொல்லும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் ஓடை முகத்துவாரங்களில் கால் நனைக்கவும் வேண்டாம். அந்தப் பலகைகள் சும்மா வைக்கப்பட்டவை அல்ல; உப்புநீர் முதலைகள் அந்தத் தீவுகளில் உண்மையாகவே வாழ்கின்றன.

கடல் நீர் ஏறி இறங்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் அதிகம். நீல் தீவில் இயற்கைப் பாறை வளைவுக்கு நீர் வற்றியபோதுதான் நடந்து போக முடியும். அதே வற்றிய நேரத்தில் பரத்பூர் கடற்கரையில் நீந்தப் போனால் முழங்கால் ஆழத்தில் பவளப்பாறையைத் தேய்த்துக்கொண்டு நடக்க நேரும். காலும் கிழியும், பவளமும் உடையும். ஆகவே ஒரே நாளில் இரண்டையும் வைத்தால், வற்றும்போது பாறை வளைவு, ஏறும்போது பரத்பூர். தங்குமிடத்தில் கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்வார்கள். இரவில் கடல் நீர் ஒளிர்வதைப் பார்க்க விரும்புகிறவர்கள் நிலவில்லாத அமாவாசை வாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பகல் நேரம் பற்றிப் பயணக் கட்டுரைகள் ஏனோ பேசுவதில்லை. அந்தமான் நமக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. கடிகாரமோ இதே இந்திய நேரம். நவம்பர்த் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் காலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் விடிந்து, மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ராதாநகரில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தால் இருட்டில் திரும்ப வேண்டியதுதான். மூன்றரைக்கே அங்கே இருக்க வேண்டும். காலைச் சிற்றுண்டி ஒன்பதுக்கு, கிளம்புவது பத்துக்கு என்ற விடுமுறைப் பழக்கத்தை அங்கே விட்டுவிடுங்கள். ஐந்தரைக்கு எழுந்து ஆறரைக்குக் கடற்கரையில் இருந்தால் ஒரு நாளில் ஏறத்தாழ அரை நாள் கூடுதலாகக் கிடைக்கும்.

ஸ்கூபா டைவிங் ஆசையோடு போகிறவர்களுக்கு: நீர் சூடாகவே இருக்கும். தெளிவுதான் குறையும். பெருமழைக்குப் பின் ஓடைகள் கொண்டுவரும் மண்ணால் கரையோரக் கடல் இரண்டு மூன்று நாள் மங்கலாக இருக்கும். ஆகவே ஹேவ்லாக் போன முதல் நாளே என்று தேதியை இறுக்காமல், அங்கே இருக்கும் நாள்களில் தெளிவான நாளுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று மையத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சளி, மூக்கடைப்பு இருந்தால் இறங்கக் கூடாது. காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாமல் செவிப்பறை காயப்படும். ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு உள்ளவர்கள் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு முறைக்கு மேல் டைவ் செய்தவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும்; ஒரே ஒரு முறை என்றால் 12 மணி நேரம். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தில் அழுத்தம் குறையும்போது குமிழியாகப் பிரியும் என்பதே காரணம். கடைசி நாள் காலை டைவ், மாலை விமானம் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் அதை ஏற்காதீர்கள்.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைப் பயணம் ஜாரவா பழங்குடியினர் காப்புப் பகுதியின் வழியே போகிறது. வாகனங்கள் ஜிர்காடாங்கில் சேர்ந்து, குறித்த நேரத்தில் காவல் துணையோடு கூட்டமாகத்தான் போக முடியும். வழியில் நிறுத்துவதும், படம் எடுப்பதும், அங்குள்ள மக்களுக்கு எதையாவது கொடுப்பதும் குற்றம். போன் கேமராவை வெளியே எடுக்காமல் இருப்பது சட்டத்துக்காக மட்டும் அல்ல. அந்த மக்கள் வேடிக்கைப் பொருள் அல்லர். மழை நாளில் இந்தப் பயணத்தை வைக்க வேண்டாம். விடியுமுன் கிளம்பி, படகுத்துறையில் காத்திருந்து, சேற்றில் நடந்து, திரும்பும் வாகன வரிசையையும் தவறவிடாமல் வர வேண்டும். மழை அதில் எந்தக் கட்டத்தையும் கெடுக்கும். மழை நாளுக்குப் போர்ட் பிளேரிலேயே போதுமான வேலை இருக்கிறது: மானுடவியல் அருங்காட்சியகம், கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகம், 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை. செல்லுலார் சிறையையும் பகலில் பார்க்கலாம். அதன் ஒலி ஒளிக் காட்சி மட்டும் திறந்த வெளியில் நடப்பது என்பதால் அதைத் தெளிவான மாலைக்கு வைக்க வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன், மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, திட்ட நாள்களுக்கு மேல் இன்னும் நான்கு நாளுக்கு: ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம்தான், பெரிய சிகிச்சைக்கு போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கே வர வேண்டும். ரொக்கம்: சென்னையிலிருந்து கடலுக்கடியில் போட்ட கண்ணாடியிழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய பிறகு இணையம் வெகுவாக முன்னேறியிருக்கிறது, ஆனாலும் மழையில் மின்சாரமோ சிக்னலோ போனால் வெளித்தீவுகளில் ஏ.டி.எம்.மும் யு.பி.ஐ.யும் சேர்ந்தே நின்றுவிடும். மூன்றாவது, கொசுவுக்கும் மணல் ஈக்கும் பூசும் களிம்பு. திரும்பும்போது பையில் இருக்கக் கூடாதது ஒன்று உண்டு: கரையில் பொறுக்கிய பவளத் துண்டு. பவளமும் பல வகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. விமான நிலையச் சோதனையில் பிடிப்பார்கள். கடையில் வாங்கிய சங்கு என்றால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தேதி பற்றியும் ஒரு வார்த்தை. அக்டோபர், நவம்பர் முழுவதும் கூட்டம் இருக்காது என்று எண்ண வேண்டாம். துர்கா பூஜையிலிருந்து தீபாவளி வரை கொல்கத்தாவிலிருந்து பெரும் கூட்டம் வரும். அந்த வாரங்களில் அறை விலையும் பெர்ரி நெருக்கடியும் டிசம்பரைப் போலவே இருக்கும். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் 10 வரை உள்ள வாரங்களே உண்மையான முன்சீசன். டிசம்பர் 20க்கு மேல் தங்கல் நீளுமானால், கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவு விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். பணம் திரும்பாத மலிவு விலை அறையை இந்தப் பருவத்தில் எடுக்கவே வேண்டாம். பெர்ரி ரத்தானால் தேதி மாற்றித் தருவோம் என்று ஹோட்டலிடம் மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். அறைகள் காலியாக இருக்கும் மாதம் என்பதால் பெரும்பாலான இடங்களில் சம்மதிப்பார்கள். தொகுப்புப் பயணம் விற்பவரிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: பெர்ரி நின்றால் கூடுதல் இரவுக்கு யார் பணம் கொடுப்பது? வாய்மொழிப் பதில் போதாது.

தங்கள் நாளிதழுக்கு இரண்டு வேண்டுகோள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தமிழக மாவட்ட வானிலையோடு அந்தமான் கடல் எச்சரிக்கையையும் இரண்டு வரியில் தினமும் வெளியிட்டால், அங்கே போகக் காத்திருப்பவர்களுக்கும், அங்கே உறவினர் இருக்கும் ஏராளமான தமிழ்க் குடும்பங்களுக்கும் பயன்படும்.

இரண்டாவது, பெர்ரி மீண்டும் ஓடத் தொடங்கும் நாளைப் பற்றி அடுத்த கட்டுரையில் எழுதுங்கள். அரசுப் பெர்ரி தீவுவாசிகளுக்கு நம் டவுன் பஸ் போன்றது. மூன்று நாள் நின்ற பெர்ரி கிளம்பும்போது, ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நோயாளியும், தேர்வுக்குப் போக வேண்டிய மாணவரும் அதே ஜெட்டியில் நிற்பார்கள். விமானத்துக்கு முன் ஒரு முழுப் பகல் கையில் வைத்திருக்கும் பயணி அவர்களோடு முண்டியடிக்கத் தேவையில்லை. அடுத்த பெர்ரிக்குக் காத்திருக்கலாம். ஜெட்டி அலுவலர் தீவுவாசிகளை முதலில் ஏற்றும்போது அதற்காக யாரும் குரலை உயர்த்த வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை